பனிப்பறவைகளின் பஞ்சாங்கம்

அமெரிக்கர்களுக்கு ஏப்ரல் 15 என்றால் வருமான வரிக் கணக்கு ஒப்படைக்கக் கடைசி நாள். அரிசோனா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள குவார்ட்சைட் என்ற சிற்றூரில் அதே தேதிக்கு இன்னொரு கெடுவும் உண்டு. ஊருக்குத் தெற்கே லா போசா என்ற சமவெளியில் பதினோராயிரம் ஏக்கருக்கு மேல் மத்திய அரசின் நிலம் கிடக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே வண்டியை நிறுத்திக் குடியிருக்கலாம். ஏழு மாதத்துக்கும் சேர்த்து 180 டாலர். பல ஆண்டுகளாக அதுதான் கட்டணம். மின் இணைப்பு இல்லை, வீட்டுக்கு வீடு குழாய் இல்லை, பக்கத்து வண்டிக்கும் நமக்கும் நடுவே வேலியும் இல்லை. சூரியத் தகடும் தண்ணீர்த் தொட்டியும் கழிவுத் தொட்டியும் கொண்ட வண்டிவீடாக இருந்தால் போதும். 1983இல் நில மேலாண்மைத் துறை தொடங்கிய ஏற்பாடு இது. அதற்கு முன்பும் ஆட்கள் வந்து தங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அரசு அதற்கு ஓர் எல்லைக்கோடும் ஒரு சீட்டும் போட்டது.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். மினசோட்டா, வடக்கு டகோட்டா, மொன்டானா, வாஷிங்டன் போன்ற வட மாநிலங்களிலிருந்தும், கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களிலிருந்தும் அக்டோபர், நவம்பரில் தெற்கே இறங்கி, வசந்தத்தில் ஏறிப்போகிறவர்கள். பனிப்பறவைகள் என்று அவர்களுக்குப் பெயர். குவார்ட்சைட்டின் நிலையான மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 2,413. குளிர்காலம் முழுக்க வந்துபோகிறவர்களைச் சேர்த்தால் லட்சங்களில் போகும். ஊர் இடுகாட்டில் கல்லால் கட்டிய சிறு பிரமிடு ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் உலோகத்தில் செய்த ஓர் ஒட்டகம். 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்கு ஒட்டகங்களைச் சோதித்துப் பார்த்தபோது ஓட்டோமான் பேரரசிலிருந்து வந்த ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரரின் கல்லறை அது. அமெரிக்கர்கள் அவர் பெயரை ‘ஹை ஜாலி’ ஆக்கிவிட்டார்கள். பாலைவனத்தில் எந்த வாகனம் தாக்குப்பிடிக்கும் என்ற சோதனை இந்த ஊருக்குப் புதிதல்ல.

இந்த மனிதர்களின் ஆண்டில் இனிமையானது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரையான ஒரு மாதம். காரணம் பாலைவனத்திலேயே இருக்கிறது. பாலைவனம் என்றதும் மணல்மேட்டை நினைக்கிறவர்களுக்குச் சொனோரன் பாலைவனம் ஏமாற்றமாக இருக்கும். இங்கே மரம் உண்டு, புதர் உண்டு, ஆண்டுக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு. குளிர்காலத்தில் பசிபிக் கடலிலிருந்து வரும் மென்மையான தூறல் ஒன்று. ஜூலைக்குப் பிறகு தெற்கிலிருந்து இடியோடு வந்து கொட்டும் மழை இன்னொன்று. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பெய்த மழை போதுமானதாக இருந்தால், பிப்ரவரி கடைசியில் தரை பூக்கத் தொடங்கும். முதலில் மஞ்சள் பாப்பி, பிறகு மலைச்சரிவெங்கும் பிரிட்டில்புஷ் செடியின் மஞ்சள், ஏப்ரலில் பாலோ வெர்டே மரம். மழை பொய்த்த ஆண்டில் இதில் பாதி நடக்காது. கலிபோர்னியாவின் அன்சா-போரெகோ பகுதியில் 2017, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் பூத்ததுபோல எல்லா ஆண்டும் பூக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் வாடகைக் காரின் பெட்ரோலைத்தான் செலவழிக்கிறார்கள்.

அருகில் போய்ப் பார்க்க வேண்டிய செடி ஒகோட்டீயோ. மற்ற மாதங்களில் அது தரையில் குத்திவைத்த முள் விளாறுக் கட்டு. செத்துவிட்டது என்றே தோன்றும். மழை பெய்த சில நாட்களில் விளாறு முழுக்கச் சின்னச் சின்ன இலை தளிர்க்கும், ஈரம் காய்ந்ததும் அத்தனையும் உதிரும். மார்ச், ஏப்ரலில் இலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு விளாறின் நுனியிலும் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புப் பூங்கொத்து வந்துவிடும். மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு அலாஸ்கா வரைக்கும் போகிற செந்நிறத் தேன்சிட்டுகளுக்கு வழிநடைச் சோறு இந்தப் பூக்கள்தான். பாலைவனம் வடக்கே போகிற எல்லோருக்கும் ஒரே மாதத்தில்தான் பந்தி போடுகிறது.

உண்மையான பறவைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் கலிபோர்னியாவின் போரெகோ ஸ்பிரிங்ஸ் போகிறார்கள். வடக்கின் குளிர்கால மாதங்களை அர்ஜென்டினாவில் கழித்த ஸ்வைன்சன் பருந்துகள் பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை அந்தப் பள்ளத்தாக்கின் மேல் கூட்டமாகச் செல்கின்றன. மாலையில் மரங்களில் இறங்கித் தங்கி, காலையில் வெப்பக்காற்று கிளம்பியதும் சுழன்று சுழன்று மேலேறி வடக்கே போய்விடும். பூ நன்றாகப் பூத்த ஆண்டில் பூச்செடிகளைத் தின்னக் கம்பளிப்புழுக்கள் பெருகும்; அந்தப் புழுக்களைத் தின்னப் பருந்துகள் வயலில் இறங்கி நடக்கும். கோழி மேய்கிற மாதிரி பருந்து மேய்கிற காட்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து அவற்றை எண்ணும் தொண்டர் குழு ஒன்று 2003 முதல் இயங்குகிறது. அந்தப் பருந்துகளில் பல ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் புல்வெளிகளில்தான் கூடு கட்டப்போகின்றன. அவற்றுக்கு எல்லையில் கேள்வி கேட்க ஆள் இல்லை.

குவார்ட்சைட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு வேறு இலக்குகள். தெற்கே 1939இல் மலையாட்டைக் காக்க ஒதுக்கப்பட்ட கோஃபா சரணாலயம் இருக்கிறது. அதன் பாம் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்கில் விசிறிப் பனைகள் தொற்றிக்கொண்டு நிற்கின்றன. நடுப்பகலில் கொஞ்ச நேரம் மட்டுமே வெயில் அந்த இடுக்கில் இறங்கும். பழைய ஈரக் காலத்தின் மிச்சமாக அந்தப் பனைகளைக் கருதுகிறார்கள். பார்க்கர் நகருக்கு அப்பால், பழைய சுரங்க முகாம் இருந்த இடத்தில், கரடுமுரடான மண்பாதையின் முடிவில் ஒரு மதுக்கூடம் உண்டு. சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது, சனி, ஞாயிறு பகலில் மட்டும் திறக்கும், கோடையில் மூடிவிடும். எழுபது வயதுக்காரர்கள் தூசி படிந்த நான்கு சக்கரத் திறந்த வண்டிகளில் வரிசையாக வந்து இறங்குவதைப் பார்த்தால் இவர்களா முதியோர் என்று கேட்கத் தோன்றும். நடந்து போகிறவர்களின் சட்டைப் பையில் ஒரு சீப்பு இருக்கும். தலைவாருவதற்கு அல்ல, சோய்யா என்ற கள்ளியின் கணு காலில் ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்கக் கூடாது. சீப்பைக் கொடுத்து நெம்பி எறிய வேண்டும்.

அந்தத் திறந்த வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. குவார்ட்சைட்டுக்கு வடக்கே பௌஸ் என்ற ஊரருகே இரண்டாம் உலகப்போரில் ஒரு பயிற்சி முகாம் இருந்தது. 1942 முதல் 1944 வரை கலிபோர்னியா, அரிசோனா பாலைவனங்களில் டாங்கிப் படைகளைப் பழக்கிய பெரும் ஏற்பாட்டின் ஒரு பகுதி அது. எண்பது ஆண்டு கடந்தும் டாங்கிகளின் சங்கிலித் தடம் இந்தப் பாலைவனங்களில் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. கல் பாவிய இந்தத் தரை ஒருமுறை கிழிந்தால் மனித ஆயுளுக்குள் ஆறாது. கொலராடோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிளைத் நகருக்கு அருகே பழங்குடிகள் தரையைச் சுரண்டி வரைந்த பேருருவங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரிய மனித உருவத்தின் நீளம் 52 மீட்டர். 1930களின் தொடக்கத்தில் ஒரு விமானி மேலிருந்து பார்த்த பிறகுதான் வெளியுலகுக்கு அவை தெரியவந்தன. வேலி போடுவதற்குள் வண்டிகள் அவற்றின் மேலேயே ஓடிவிட்டன. அந்தச் சக்கரத் தடங்களும் இப்போது உருவங்களோடு சேர்ந்து நிலைத்துவிட்டன. பாதையை விட்டு இறங்காமல் ஓட்டுங்கள் என்ற பலகையை வயதானவர்களின் பொழுதுபோக்கைக் கெடுக்கும் அதிகாரத் தொல்லையாகச் சிலர் எடுத்துக்கொள்வது எனக்குப் புரிவதில்லை.

எல்லா உலாவும் இயற்கை ரசனை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரிசோனாவின் யூமா நகரத்தில் தங்குகிறவர்களின் முக்கியமான வெளியூர்ப் பயணம் பல் மருத்துவரிடம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் லோஸ் அல்கொடோனெஸ். சில ஆயிரம் பேர் வாழும் அந்த ஊரில் நூற்றுக்கணக்கான பல் மருத்துவர்கள். கடைவாய்ப்பல் நகரம் என்று கேலிப்பெயரே உண்டு. அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 1965இல் சட்டமான நாளிலிருந்து வழக்கமான பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. எனவே காரை எல்லையில் நிறுத்திவிட்டு நடந்துபோய், பல்லுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு, திரும்பும் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். ஊருக்குத் திரும்பும் முன் முடிக்க வேண்டிய வேலைகளில் இது முதலாவது. பல் கட்டுவதற்கு இரண்டு மூன்று முறை போக வேண்டியிருப்பதால் மார்ச் மாதத்தில் அவசரம் கூடும்.

இத்தனை பேர் ஓய்வுக்காலத்தில் பாலைவனத்தைத் தேடி வருவது பழைய வழக்கமல்ல. அதற்கு மாத ஓய்வூதியம் வேண்டும், நெடுஞ்சாலை வேண்டும், குளிர்சாதனம் வேண்டும். மூன்றும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒன்றுசேர்ந்தன. 1960 ஜனவரி 1 அன்று ஃபீனிக்ஸ் அருகே டெல் வெப் என்ற கட்டட அதிபர் சன் சிட்டி என்ற முதியோர் நகரைத் திறந்தார். முதல் மூன்று நாட்களில் பார்க்க வந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். வயதானால் பிள்ளைகளுக்கு அருகில் வீட்டோடு இருப்பது என்ற வழக்கத்துக்கு மாற்றாக, கோல்ஃப் மைதானத்தையும் நீச்சல் குளத்தையும் சுற்றிக் கட்டிய வாழ்க்கை விற்பனைக்கு வந்தது. வண்டிவீட்டுக்காரர்கள் அதன் மலிவுப் பதிப்பு.

ஏப்ரலில் ஏன் கிளம்ப வேண்டும்? வெயில் என்பது உடனடி விடை, சரியான விடையும்கூட. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த நகரம் இருக்கும் மரிக்கோப்பா மாவட்டத்தில் அந்த ஆண்டு வெப்பம் தொடர்பான இறப்புகள் 645. மெல்லிய சுவர் கொண்ட வண்டிவீட்டில் மின் இணைப்பு இல்லாமல் ஜூலையைக் கழிப்பது உயிரோடு விளையாடுவது. ஆனால் ஏப்ரலில் அந்த வெயில் இன்னும் வரவில்லை. பகலில் 30 டிகிரி, இரவில் போர்வை தேடும் குளிர். வெயில் மட்டும் காரணமாக இருந்தால் மே நடுவரை இருந்து சவாரோ கள்ளி பூப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம். இருநூறு ஆண்டுகூட வாழக்கூடிய அந்தப் பெருங்கள்ளி, ஏப்ரல் கடைசிக்குப் பிறகுதான் பூக்கத் தொடங்குகிறது. இரவில் மலர்ந்து மறுநாள் பிற்பகலில் மூடிக்கொள்ளும் பூ. ஜூனில் அதன் பழத்தைப் பறிக்கும் தொஹோனோ ஓதாம் பழங்குடியினருக்கு மழையை எதிர்நோக்கும் ஆண்டுத் தொடக்கமே அதுதான். பதினைந்து, இருபது குளிர்காலம் அரிசோனாவில் கழித்தவர்களிலும் இவை இரண்டையும் பார்க்காதவர்களே அதிகம் இருப்பார்கள். அவர்கள் அறிந்தது ஓர் அரைப் பாலைவனம்.

மீதிக் காரணம் நாட்கணக்கு. கனடியர் ஒருவர் பொதுவாக அமெரிக்காவில் ஆறு மாதம் வரை தங்கலாம். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் பெற்றோர்களுக்குக் கிடைக்கும் அதே ஆறு மாதம்தான், கனடியருக்கு மட்டும் விசா இல்லாமலேயே. குடியேற்றத் துறையின் கணக்கு அது. வரித்துறைக்கு வேறு கணக்கு. இந்த ஆண்டு தங்கிய நாட்கள் முழுவதும், சென்ற ஆண்டு நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டு நாட்களில் ஆறில் ஒரு பங்கு: மூன்றையும் கூட்டி 183 வந்துவிட்டால், வரி விஷயத்தில் அவர் அமெரிக்கவாசி. ஆண்டுக்கு 150 நாள் வீதம் தங்குகிறவருக்கு 150, 50, 25 சேர்ந்து 225 ஆகிறது. ‘என் வீடு, வங்கி, பிள்ளைகுட்டி எல்லாம் கனடாவில்தான்’ என்று 8840 எண்ணுள்ள படிவத்தை ஜூன் 15க்குள் அனுப்பித் தப்பித்துக்கொள்ள வேண்டும். நடப்பு ஆண்டிலேயே 183 நாளை எட்டிவிட்டால் அந்தப் படிவமும் உதவாது. நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன் எல்லையைத் தாண்டினாலும் அது ஒரு நாள். இரு நாடுகளும் 2019 முதல் எல்லை கடப்போரின் வரவு, போக்கு விவரங்களை முழுமையாகப் பகிர்ந்துகொள்வதால், நினைவில் உள்ளதைச் சொல்லிச் சமாளிக்கும் காலமும் போய்விட்டது.

அடுத்தது உடல்நலம். ஒன்டாரியோ மாகாணத்தின் மருத்துவக் காப்பீடு தொடர வேண்டுமானால் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாளாவது மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்தால் அந்தக் காப்பீடு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனடிய டாலர் தரும். அமெரிக்க மருத்துவமனையில் அந்தத் தொகை ஒரு பகலின் செலவுக்குக்கூட எட்டாது. தனியாரிடம் பயணக் காப்பீடு வாங்க வேண்டும். அதில் ஒரு நிபந்தனை: ஏற்கெனவே உள்ள நோய், பயணத்துக்கு முந்தைய குறிப்பிட்ட மாதங்களில் நிலையாக இருந்திருக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றியிருந்தால் அதுவே நிலையற்ற தன்மை. பல ஆண்டுப் பனிப்பறவைகள் பறப்பதை நிறுத்துவது பெரும்பாலும் இப்படித்தான்: பாலைவனம் அலுத்து அல்ல, ஒரு மாத்திரை மாறியதால்.

அமெரிக்கப் பனிப்பறவைகளிடம் இதே கணக்கு தலைகீழாக நடப்பதுதான் வேடிக்கை. மினசோட்டாவில் வருமான வரியின் உச்ச விகிதம் 9.85 சதவீதம். அரிசோனாவில் 2023 முதல் எல்லோருக்கும் ஒரே 2.5 சதவீதம். வசதியுள்ள மினசோட்டாக்காரர் அரிசோனாவாசியாகிவிடப் பார்ப்பார். ஆனால் பழைய மாநிலத்தில் வீடு வைத்துக்கொண்டு ஆண்டில் 183 நாள் அங்கே இருந்துவிட்டால் மினசோட்டா அவரை விடாது. எனவே கனடியர், கூடுதலாக ஒரு நாள் தங்கிவிடக் கூடாதே என்று எண்ணுகிறார். அதே முகாமில் அடுத்த நாற்காலியில் இருக்கும் மினசோட்டாக்காரர், சீக்கிரமே ஊர் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்று எண்ணுகிறார். கவலையில்லாமல் ஊர் சுற்றுகிறவர்கள் என்று நாம் நினைக்கும் இவர்களின் வண்டியில் நாள்காட்டியே முக்கியமான கருவி.

2025இல் இதில் அரசியலும் புகுந்தது. கனடியப் பொருட்கள் மீது புதிய வரி, கனடாவை 51ஆவது மாநிலமாக்கலாம் என்ற பேச்சு, முப்பது நாளோ அதற்கு மேலோ தங்கும் வெளிநாட்டவர் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று ஏப்ரல் 11இல் அமலுக்கு வந்த விதி. விமானத்தில் வந்தவர்களுக்கு நுழைவுப் பதிவு ஏற்கெனவே இருக்கும். சாலை வழியாக வண்டியோட்டி வந்த முதியவர்களில் பலருக்கு அது இல்லை. அதாவது இந்த விதி சரியாகப் பனிப்பறவைகள் மேல் வந்து விழுந்தது. அந்த ஏப்ரலில் காரில் அமெரிக்கா போய்த் திரும்பிய கனடியர் பயணங்கள் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. அன்றாடம் கடைக்குப் போய்வருகிறவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்பதால், முழுவதையும் முதியோர் கணக்கில் எழுதக் கூடாது. கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரம் கனடாவை நேசிக்கிறோம் என்று தெருவெங்கும் பதாகை கட்டியது. கனடிய டாலரின் மதிப்பு அமெரிக்க டாலரில் 70 சென்ட் அளவுக்கு இறங்கியிருந்த நேரத்தில் பதாகை எத்தனை பேரைத் தடுத்து நிறுத்தும் என்று தெரியவில்லை.

கிளம்பும் வாரத்தில் உலாக்கள் நின்று வீட்டு வேலை தொடங்கும். வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத் தொட்டிகளைக் காலிசெய்து, டயர் காற்றைப் பார்த்தால் முடிந்தது. அரிசோனாவிலேயே சிறு வீடு வாங்கிப் போட்டவர்களுக்குத்தான் பாடு. பூட்டிய வீட்டுக்குள் கோடையில் என்னென்ன நடக்கும் என்பது அனுபவத்தில் வருவது. கழிவுக்குழாயின் வளைவில் நிற்கும் நீர் ஆவியாகிவிட்டால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் ஏறிவரும். அதற்காக நீரின் மேல் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடுகிறார்கள். மெழுகுவர்த்தி உருகும், சோடா டப்பா வெடிக்கும். அலமாரியிலிருந்து இரண்டையும் எடுத்துவிட வேண்டும். ஜன்னலுக்கு உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்ட வேண்டும். விட்டுச்செல்லும் காரின் முன்மூடியைத் திறந்தே வைப்பவர்கள் உண்டு. இருட்டான இடம் கிடைத்தால் காட்டெலி கூடு கட்டி ஒயரைக் கடித்துவிடும். அடுத்த குளிர்காலத்துக்கான இடவாடகை முன்பணத்தையும் இப்போதே கட்டுகிறவர்கள் பலர். எழுபத்தெட்டு வயதில் எட்டு மாதம் கழித்து வருவேன் என்று பணம் கட்டுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

வடக்கே அவசரமாகப் போய்ச் சேர்வதிலும் பயனில்லை. ஆல்பர்ட்டாக்காரர்கள் லாஸ் வேகாஸில் 15ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் அது யூட்டா, ஐடஹோ, மொன்டானா வழியாக எல்லை வரை கொண்டுபோய் விடும். ஆனால் ஐடஹோவுக்கும் மொன்டானாவுக்கும் இடையே 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள மொனைடா கணவாயில் ஏப்ரலிலும் பனி கொட்டும். பின்னால் பத்து மீட்டர் வண்டியை இழுத்துக்கொண்டு அதில் ஏற யாரும் விரும்புவதில்லை. ஆல்பர்ட்டா வீட்டில் தோட்டக் குழாயைத் திறக்கவே மே ஆகும். அதனால் வழியில் நெவாடாவின் மெஸ்கீட்டிலோ யூட்டாவின் செயின்ட் ஜார்ஜிலோ வண்டியை நிறுத்திவிட்டு, நெடுஞ்சாலைத் துறையின் கேமரா படங்களைக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டு சில நாள் இருக்கிறார்கள். கனடியர்களுக்கு அந்த நாட்களும் கணக்கில் சேரும்.